போலந்துச் சிகாகோவில் மூதாதையரைத் தேட: ஃபேமிலிசர்ச் பதிவேடுகள் எப்படி?

சிகாகோவின் முதல் போலந்துப் பங்கான (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம்) புனித ஸ்டானிஸ்லாஸ் கோஸ்த்கா 1867-இல் தொடங்கியது. 1890-களின் இறுதியில் சுமார் 40,000 பேர்! அந்தக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தைத் தேட, வம்சாவளி தேடும் இணையதளமான ஃபேமிலிசர்ச்சின் சிகாகோ கத்தோலிக்கப் பதிவேட்டுத் தொகுப்பு (1833–1925) நன்றாகவே கைகொடுக்கிறது. கட்டணமில்லை, கணக்கு தொடங்கினால் போதும்.

பெயர் போட்டு ஒன்றும் வரவில்லையா? ஆளே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பதிவுகள் லத்தீனில் இருக்கும்: வீட்டில் வோய்ச்செக், ஏட்டில் அடால்பெர்ட்டுஸ். அப்பா கோவால்ஸ்கி என்றால் மகள் கோவால்ஸ்கா. குறுக்குக்கோடிட்ட 'எல்' (ł) எழுத்தை 'டி' (t) என்று படித்துச் சேர்த்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆண்டுவாரியாகப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே மேல், கண்தான் வலிக்கும்.

சொந்த ஊர் கிடைக்குமா என்பதுதான் பலவீனம். பல இடங்களில் வெறும் 'பிரஷ்யா', அதாவது போலந்தின் ஒரு பகுதியை அப்போது ஆண்ட ஜெர்மானிய அரசின் பெயர் மட்டும். 1918 வரை போலந்து என்றொரு நாடே வரைபடத்தில் இல்லையே. ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்) பெயர்களைக் குறித்து வையுங்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்களாகவோ ஊர்க்காரர்களாகவோ இருப்பார்கள்.

பக்கத்திலுள்ள பரிசுத்த திரித்துவப் பங்கின் ஏடுகளில் இடைவெளி வந்தால் குழம்ப வேண்டாம். இரு தரப்புச் சண்டையில் அந்தக் கோயில் பலமுறை பூட்டப்பட்டு, 1893-இல்தான் நிலையாகத் திறந்தது. அந்த ஆண்டுகளுக்கு ஸ்டானிஸ்லாஸ் ஏட்டையே பாருங்கள்.