ஆளைத் தேட ஒற்றை ரோட்டர் ஹெலிகாப்டர்: வாங்கலாமா?

ஆள் ஏறாமல் தரையிலிருந்தே ஓட்டுகிற, மேலே ஒரே ஒரு பெரிய ரோட்டர் (சுழலும் விசிறி) வைத்த சின்ன ஹெலிகாப்டரைத்தான் சொல்கிறேன். காற்று ஓயாமல் அடிக்கிற மலைச்சரிவு, கடலோரப் பாறைகள், இந்த மாதிரி இடங்களில் தேடுகிற குழு என்றால் வாங்கலாம். மற்றவர்களுக்கு நாலு விசிறி ட்ரோனே போதும். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணம் தெரிய வேண்டியவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

நான் ஒரு தன்னார்வத் தேடுதல் குழுவில் இருக்கிறேன். வழிதவறிய மலையேறிகள், வீட்டை விட்டு நடந்து போய்விட்ட முதியவர்கள், இவர்களைத் தேடுவதுதான் பெரும்பாலும் எங்கள் வேலை. குழுவுக்காக வாங்கியது 600 வகுப்பு மின்சார ஹெலிகாப்டர். பிளேடு ஒவ்வொன்றும் 600 மில்லிமீட்டர். சுற்றும்போது வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 1.35 மீட்டர். வயிற்றுக்குக் கீழே, கேமராவை ஆடாமல் பிடித்துக்கொள்கிற ஜிம்பலில், சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா ஒன்று, பக்கத்திலேயே ஒரு சாதாரணக் கேமரா. பேட்டரியோடு சேர்த்து நாலு கிலோவைத் தாண்டும். கம்பெனி பெயர் வேண்டாம்; இந்த வகுப்பில் வருகிற எல்லா மெஷினுக்கும் நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி பொருந்தும்.

காற்றில் இது நிற்கிற அழகைப் பார்க்க வேண்டும். சாதாரண ட்ரோனில் பிளேடின் கோணம் மாறாது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் அது சமாளிக்கும், அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஹெலிகாப்டரில் ரோட்டர் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, பிளேடின் கோணம்தான் மாறுகிறது. திடீரென்று ஒரு வீச்சு வந்தால், பிளேடின் கோணத்தை மாற்றுகிற தட்டான ஸ்வாஷ் பிளேட் அந்தக் கணமே சாய்ந்து பதில் சொல்லிவிடும். சரிவின் விளிம்பைத் தாண்டும்போது கீழிருந்து மேலே அடிக்கிற காற்றில் எங்கள் பழைய ட்ரோன் தத்தளிக்கும். இது லேசாகத் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நிற்கிறது.

இன்னொரு நல்ல விஷயம் ஆட்டோரொட்டேஷன். மோட்டார் நின்றுபோனாலும், இறங்கும்போது அடியிலிருந்து வருகிற காற்றே ரோட்டரைச் சுற்ற வைக்கும். போதுமான உயரமும் பழகிய கையும் இருந்தால் கேமராவுக்குச் சேதமில்லாமல் தரையில் உட்கார வைத்துவிடலாம். நாலு விசிறியில் ஒரு மோட்டார் போனால் பெரும்பாலும் கல் விழுகிற கதைதான்.

சரி, கண்ணுக்கு வருவோம். தெர்மல் கேமரா 640×512 பிக்சல், லென்ஸின் பார்வை அகலம் 40 டிகிரி. 60 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் சுமார் 44 மீட்டர் அகலத் தரை திரையில் விழும். ஒரு பிக்சல் என்பது தரையில் 7 சென்டிமீட்டர். நீட்டிப் படுத்திருக்கும் ஆள் 25 பிக்சல் நீளம் வருவார், பார்த்தவுடன் ஆள் என்று தெரியும். 120 மீட்டருக்கு ஏறினால் அவரே 12 பிக்சல், தோள்பட்டை அகலம் மூணே பிக்சல். அப்போது அது மனிதரா, வெயிலில் சூடான கல்லா என்று சத்தியம் செய்ய முடியாது. பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கிற உச்ச உயரமும் இந்த 120 மீட்டர்தான். ஆனால் அது வரை போகலாம் என்பதற்காகப் போகாதீர்கள். தாழ்வாகப் பறந்தால் நேரம் கூடும், ஆனால் கிடைக்கிற படம் நம்பும்படி இருக்கும்.

வெயில் ஏறிய பிறகு பாறை எல்லாம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. விடியலுக்குச் சற்று முன்னால் பறந்தால் தரை குளிர்ந்து கிடக்கும், ஆள் தனியாகப் பளிச்சென்று தெரிவார். கண்ணாடிக்குப் பின்னாலோ தண்ணீருக்கு அடியிலோ இந்தக் கேமரா எதையும் பார்க்காது. கார் ஜன்னல் வழியே உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கலாம் என நினைப்பவர்கள் நிறையப் பேர். கண்ணாடியின் சூடுதான் தெரியும். அடர்ந்த இலையும் அப்படியே.

பயிற்சியில் குழு நண்பர் ஒருவரைப் புதருக்கு அடியில் படுக்கச் சொல்லியிருந்தோம். எங்கே என்று பறக்கவிடுபவருக்கும் கேமராத் திரையைப் பார்க்கிற பெண்ணுக்கும் சொல்லவில்லை. படத்தில் நாய் ஒன்று முழுசாக, வாலோடு தெரிந்தது; சுற்றி நின்ற அத்தனை பேரும் அதையே பார்த்தோம். திரை முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் மட்டும், "அண்ணே, கொஞ்சம் பின்னாடி போங்க. இன்னும் பின்னாடி. அங்கயே நிறுத்துங்க" என்றாள். இரண்டு துண்டு வெளிச்சம்; ஒன்று முழங்கை, இன்னொன்று நெற்றி. நடுவில் எல்லாம் இலை. பறக்கவிடுகிறவர் அதைப் பார்த்திருக்கவே முடியாது, அவர் கண் வானத்தில் இருந்தது.

இந்த மெஷினைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிற முக்கியமான விஷயம் இதுதான். ஒருவர் வாங்கி ஒருவரே ஓட்டுகிற பொருள் இல்லை இது. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவில் ராபின் மர்ஃபி என்கிற ரோபோ ஆராய்ச்சியாளரின் குழு சின்ன ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு, சேதமான கட்டடங்களைப் பார்த்தது. அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் எழுதிவைத்தது, மூன்று பேர் வேண்டும் என்பது: ஒருவர் பறக்கவிட, ஒருவர் கேமராவைப் பார்க்க, ஒருவர் சுற்றுப்புறப் பாதுகாப்பைக் கவனிக்க. நாங்களும் அப்படித்தான் நிற்கிறோம். உங்கள் குழுவில் மூன்று பேரை ஒதுக்க முடியாது என்றால் பணத்தை வேறெதற்காவது செலவழியுங்கள்.

இனி குறைகள். பெட்டியில் 20 நிமிடம் பறக்கும் என்று போட்டிருக்கிறது. கேமரா இல்லாமல், காற்று இல்லாமல் அளந்திருப்பார்கள் போல. எங்களுக்கு நம்பிக்கையாகக் கிடைப்பது 12 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: விநாடிக்கு 5 மீட்டர் வேகம், ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி 30 மீட்டர் அகலப் பட்டைகள் என்றால், 12 நிமிடத்தில் சுமார் 27 ஏக்கர். திரும்புவதற்கும் வந்து போவதற்கும் கழித்தால் 20 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மலைச்சரிவுக்கு இது எந்த மூலைக்கு? அதனால் பேட்டரி நிறைய வேண்டும். குளிரில் லித்தியம் பேட்டரி சோர்ந்துவிடும், சட்டைக்குள்ளே வைத்துச் சூடாகக் கொண்டுபோவது நல்லது.

அப்புறம் பராமரிப்பு. நாலு விசிறி ட்ரோனைப் பையிலிருந்து எடுத்து விரித்தால் கிளம்பிவிடும். இதில் ஒவ்வொரு முறையும் பிளேடின் கோணத்தை மாற்றுகிற சர்வோக்கள் (குட்டி மோட்டார்கள்), அவற்றை இணைக்கிற பால் லிங்க்குகள், வால் பெல்ட், பிளேடு போல்ட் என்று தடவிப் பார்த்துத்தான் கிளப்ப வேண்டும். எங்காவது ஒரு பேரிங் தேய்ந்திருந்தால் அதிர்வு நேராகக் கேமராவுக்குப் போய், படம் ஜெல்லி மாதிரி நெளியும். ஆபத்தும் கூட. ரோட்டர் நிமிடத்துக்கு 1600 சுற்று சுற்றும்போது பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தொடும். காணாமல் போனவரின் உறவினர்கள் பதற்றத்தோடு திரை அருகே ஓடி வருவார்கள், அவர்களைத் தள்ளி நிறுத்துவதற்கே ஒருவர் வேண்டும்.

சத்தமும் பெரிசு. கீழே ஒருவர் கூப்பிட்டால் மேலே பறக்கிற இரைச்சலில் தரைக்குழுவுக்குக் கேட்காது. நாங்கள் நடுநடுவே மெஷினைத் தூரமாகக் கொண்டுபோய்விட்டு, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காது கொடுப்போம். பெரிய ஹெலிகாப்டர் வருகிறது என்று தகவல் வந்தால் யோசனையே இல்லை, உடனே இறக்கிவிட வேண்டும்.

உலகத்தில் பேர் வாங்கியதெல்லாம் நாலு விசிறிதான் என்பதையும் மறைக்கக் கூடாது. 2013 மே மாதம் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கார் கவிழ்ந்து, குளிர் இரவில் தடுமாறி நடந்துபோன ஒருவரைப் போலீசின் ட்ரோன் தெர்மல் கேமராவால் கண்டுபிடித்தது. 2018-ல் காரகோரம் மலைத்தொடரின் பிராட் பீக்கில் இறந்துவிட்டதாக நினைத்த மலையேறி ரிக் ஆலனைக் கண்டுபிடிக்க உதவியதும் கையடக்க ட்ரோன். ஓட்டப் பழகுவது சுலபம் என்பதால் அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒற்றை ரோட்டருக்கு முதலில் சிமுலேட்டரில் உட்கார வேண்டும், பிறகு பல மாதப் பழக்கம். அதற்கு மனசு இருக்கிறதா என்று பறக்கவிடப் போகிறவரிடமே கேளுங்கள்.

வாங்குவதாக முடிவு செய்துவிட்டால் கூடவே மெயின் பிளேடு ஒரு செட், வால் பெல்ட் இரண்டு, லேண்டிங் கியர் இரண்டு சேர்த்து ஆர்டர் போட்டுவிடுங்கள். லேண்டிங் கியர்தான் முதலில் உடையும். அதுவும் பறக்கும்போது உடையாது, வண்டியில் ஏற்றி இறக்கும்போதுதான்.