8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி: என்ஜிசி 1365 கேலக்ஸிக்குப் போதுமா?

வானம் நல்ல இருட்டாக இருந்தால், எளிய சுழல் பீடத்தில் நிற்கும் இந்த ஆடித் தொலைநோக்கி போதும். ஃபோர்னாக்ஸ் கேலக்ஸிக் கொத்திலுள்ள இந்தக் குறுக்குப்பட்டைச் சுருள் கேலக்ஸி (மையத்தின் குறுக்கே ஒளிப்பட்டை, அதன் முனைகளில் சுருள் கைகள்) ஏறத்தாழ 5.6 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதன் பிரகாச எண் (எண் சிறிதானால் ஒளி அதிகம்) சுமார் 9.6 என்றதும் எளிது என்று தோன்றும். அவ்வளவு ஒளியும் 11 × 6 ஆர்க்மினிட் (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு) பரப்பில் மெலிதாகப் பரவிக் கிடப்பதுதான் சிக்கல். நகர வெளிச்சத்தில் மையம் மட்டும் மங்கலாக மிஞ்சும். பட்டையைத் தேடவே வேண்டாம்.

கருவியின் ஆடி 200 மிமீ, குவியத் தூரம் 1200 மிமீ. கூடவே வரும் 25 மிமீ ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) 48 மடங்கு பெருக்கம் தரும். பார்வைப் புலம் 1 பாகைக்குச் சற்று அதிகம். கை-2 ஃபோர்னாசிஸ் விண்மீனிலிருந்து கிழக்கு-தென்கிழக்காக 1.3 பாகை நகர்த்தினால் கேலக்ஸி வந்துவிடும். இந்த வேலைக்கு மட்டும் அந்த ஐபீஸ் சரி. இன்னொன்றான 10 மிமீ இதற்கு உதவாது: 120 மடங்கில் வெளிவரும் ஒளிக்கற்றை 1.7 மிமீ ஆகச் சுருங்குவதால் கைகள் இருளில் கரைந்துவிடும். தனியாக ஒரு 15 மிமீ வாங்குங்கள். 80 மடங்கு, 2.5 மிமீ கற்றை; அரை மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கி ஓரப்பார்வையில் பார்த்தால் முதலில் பட்டை நீளும், பிறகு அதன் முனையில் கை கொக்கிபோல் வளைவது தட்டுப்படும். குழாயை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள்; அசையும் மங்கலைக் கண் சட்டென்று பிடிக்கும்.

குறை அடிப்பீடத்தில். 80 மடங்கில் கேலக்ஸி சுமார் 3 நிமிடத்தில் புலத்தைக் கடந்துவிடும், அதனால் அடிக்கடி தள்ள வேண்டும். பீடம் முதலில் ஒட்டிக்கொள்ளும், பிறகு குபுக்கென்று தாவும். நடு போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். ஆடி குளிர 40 நிமிடம் விடுங்கள், கோலிமேஷனை (ஆடிகள் நேர்கோட்டில் அமைந்திருப்பதை) ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். நெபுலாக்களின் சில அலைநீளங்களை மட்டும் விடும் நெபுலா ஃபில்டருக்குச் செலவழிக்காதீர்கள். கேலக்ஸியின் ஒளி எல்லா அலைநீளங்களிலும் பரவியிருப்பதால் அது கேலக்ஸியையும் சேர்த்தே மங்கச் செய்யும்.

ஒரு கூடுதல் லாபம்: இந்தக் கேலக்ஸியில் 2012 அக்டோபரில் கண்டறியப்பட்ட எஸ்என் 2012எஃப்ஆர் சூப்பர்நோவா (வெடித்த விண்மீன்) உச்சத்தில் சுமார் 12-ஆம் பிரகாச எண்ணைத் தொட்டது. அப்படி இன்னொன்று வெடித்தால் அதுவும் இந்த ஆடிக்கு எட்டும்.