படத்துக்கு ஐந்து நட்சத்திரம், பலகைக்கு ஒன்று

போன ஆவணியில் மூத்த மகள் கல்யாணம், கும்பகோணத்தில். படம் எடுத்தவர் உள்ளூர்க்காரர். பெயர் போடவில்லை, பிழைப்பைக் கெடுப்பது என் நோக்கமல்ல. வேலை பிரமாதம். தாலி கட்டும்போது மேடையில் அத்தனை பேர் மறைத்துக்கொண்டு நின்றும், மூன்றாவது முடிச்சைப் போடும் நாத்தனாரின் விரல்கள் ஒரு படத்தில் அப்படியே விழுந்திருக்கின்றன. ஆல்பமும் சொன்ன தேதியில் கைக்கு வந்தது.

குறை வரவேற்பு மேசையில் இருந்தது. சந்தனக் கிண்ணத்துக்கும் பன்னீர்ச் சொம்புக்கும் நடுவே ஒரு கியூஆர் பலகை. ஸ்கேன் செய்து, போன் நம்பர் கொடுத்து, ஒரு செல்ஃபி எடுத்தால், நாலாயிரத்துச் சொச்சம் படங்களில் நம் முகம் உள்ளவை மட்டும் போனுக்கு வந்துவிடும். "பேக்கேஜிலேயே உண்டு, தனிக் காசு இல்லை சார்" என்றார். காசில்லை என்றதும் நானும் தலையாட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் தங்கை மகள் போனோடு வந்தாள். "மாமா, இதைப் பாருங்கள்." கல்யாணத்துக்கு வந்திருந்த தன் தோழியின் பழைய படம் ஒன்றை மடிக்கணினித் திரையில் வைத்து, செல்ஃபிக்குப் பதிலாக அதைக் காட்டினாள். அவ்வளவுதான், தோழியின் முப்பத்தொரு படங்கள் வரிசையாக வந்து நின்றன. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கும் படமும் அதில் ஒன்று. அடுத்து எங்கள் வீட்டு எட்டு வயதுக் குழந்தையின் படத்தைக் காட்டினோம். அதுவும் வந்தது. ஆக, ஒரு பெண்ணின் படம் கையில் இருந்தால் போதும், முன்பின் தெரியாதவன்கூட அவள் அன்று யாரோடு நின்றாள், எங்கே சாப்பிட்டாள் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகலாம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

முப்பத்தொரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். ஒரு சென்ட் நிலம் கைமாறினாலும் எழுதிக்கொடுப்பவரோ அவருடைய பவர் ஏஜென்ட்டோ நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும். இங்கே அறுநூறு பேர் முகத்தை ஒரே தலையாட்டலில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். அவர்களில் யாரும் எனக்குப் பவர் தரவில்லை. செல்ஃபி எடுத்தவர்களாவது சம்மதித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொருத்தம் பார்க்க அந்த இயந்திரம் படத்தில் உள்ள எல்லா முகங்களையும் அளந்து எண்களாக மாற்றியாக வேண்டுமே! போனே வைத்துக்கொள்ளாத என் பெரியம்மாவின் முகமும் அதில் அடக்கம்.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். விருந்தாளி தன் சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் படத்தை அது தொடவில்லை. தொழில் செய்பவருக்கு அந்த விலக்கு கிடையாது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பலகையைத் தொடர்ந்து வந்த பக்கத்தில் இருந்ததோ ஆங்கிலத்தில், டிக் அடிக்க ஒரே ஒரு கட்டம்.

படம் எடுத்தவரிடம் போனில் இதைக் கேட்டதற்கு, "அந்தச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லையே சார்" என்றார். மனிதர் விவரமானவர்தான். 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டாலும், முக்கியமான கடமைகளுக்கு 2027 மே வரை அவகாசம் இருக்கிறது. ஃபேஸ்புக்கே 2021இல் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் முக அளவுகளை அழிப்பதாக அறிவித்தது என்றேன். "அவர்கள் பெரிய கம்பெனி சார்" என்றார்.

படங்களை அங்கிருந்து நீக்கிவிடச் சொன்னேன். மறுநாளே இணைப்பு வேலை செய்யவில்லை. அந்த மட்டும் நல்ல மனிதர். முக அளவுகள் அழிந்தனவா என்றால், "அது செயலிக்காரர்கள் கையில் இருக்கிறது" என்கிறார். அவர்களுக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டேன். பதிலில்லை.

வருகிற தையில் தம்பி மகன் கல்யாணம். அதற்கும் இவரைத்தான் சொல்லியிருக்கிறேன். முன்பணம் கொடுத்தபோதே, 'கியூஆர் பலகை வைப்பதில்லை' என்று ரசீதின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.