பளபளத்த கிராங்க், பழைய லைனர்: ஓர் எச்சரிக்கை

நிறைய ஓடிய லாரி இன்ஜினை முதன்முறையாகப் பிரித்து வேலை பார்க்க நினைப்பவர்கள், கிராங்க் ஷாஃப்ட்டையும் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) பிளாக்கையும் (சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடல்) வெளிப்பட்டறையில் ஒப்படைப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

என்னுடையது ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், வெட் லைனர் வகை, அதாவது பிஸ்டன் ஓடும் உருளைக்குழாயான லைனரின் வெளிச்சுவரைக் கூலண்ட் நேரடியாகத் தொடும். 9 லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தது. ஆயில் குடித்தது, ஏற்றத்தில் நீலப்புகை தள்ளியது, நன்றாகச் சூடேறியபின் ஐடிலில் ஆயில் பிரஷர் முள் 1 பாருக்குக் கீழே இறங்கியது. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன்களை உருவி, புல்லர் போட்டு லைனர்களை வெளியே எடுப்பது வரை நானே செய்தேன். மூன்றாவது லைனரின் வெளிச்சுவரில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்தன. பிஸ்டன் அழுத்தும் பக்கத்தில் லைனர் அதிரும்போது கூலண்டில் நுண்குமிழிகள் தோன்றி உடைவதால் உண்டாகும் அரிப்பு அது. அவற்றில் ஒரு குழி நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பெரியது. அதன் கீழே இரண்டு சிறியவை, முக்கோணமாக. அதை ஒரு வியப்புக்காகப் படம் எடுத்து வைத்ததைத் தவிர, இந்த விவகாரத்தில் நான் உருப்படியாகச் செய்தது எதுவுமில்லை.

பட்டறைக்காரர் பொறுமையாகப் பேசினார். கிராங்கை 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்ய வேண்டும் (தேய்ந்த வட்டப்பகுதிகளைச் சாணை பிடித்து விட்டத்தை அவ்வளவு குறைப்பது), ஆறு லைனரும் புதிதாகப் போட வேண்டும், ஹெட்டைப் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும் என்றார். எல்லாமே நியாயமாகப் பட்டது. பழைய சாமான்களைக் காயலான் விலைக்கு எடுத்துக்கொண்டு பில்லில் கழித்துவிடுவதாகச் சொன்னார். நானும் இறங்கிய சுமை திரும்ப ஏற வேண்டாம் என்று சரி சொன்னேன். பிறகு, "அடிப்பாகத்தை நாங்களே பூட்டிக் கொடுத்தால்தான் வாரண்டி" என்றார். முதல்முறை வேலை பார்ப்பவனுக்கு அது நிபந்தனையாகத் தெரியவில்லை, உதவியாகவே தெரிந்தது. பத்து நாள் கழித்து கிராங்க், அதைச் சுற்றி அமரும் இரு பாதி ஓடுகளான பேரிங், லைனர், பிஸ்டன் எல்லாம் பூட்டி, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பும் மாட்டி, பெயிண்ட் அடித்து இன்ஜின் வந்து சேர்ந்தது. பூட்டும்முன் ஒரு தடவை காட்டிய கிராங்க் கண்ணாடிபோல் மின்னியது. அந்த மினுக்கத்தைத்தான் நான் கிரைண்டிங் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெட்டைப் பூட்டி, முறுக்குவிசை பார்த்து, ஸ்டார்ட் செய்தபோது குளிர்ந்த நிலையில் பிரஷர் 4 பாருக்கு மேல் காட்டியது. சூடேறியதும் பழைய கதைதான். புது இன்ஜின், ரிங் உட்கார வேண்டும் (பிஸ்டன் வளையம் லைனர் சுவரோடு தேய்ந்து பொருந்த வேண்டும்) என்று தொலைபேசியில் சமாதானம் சொன்னார்கள். ரிங் உட்காருவதற்கும் ஆயில் பிரஷருக்கும் சம்பந்தமே இல்லை என்பதை அப்போது நான் யோசித்திருக்க வேண்டும்; பிரஷர் பெரும்பாலும் பேரிங் இடைவெளியையும் ஆயில் பம்பையும் பொறுத்தது. 1,400 கிலோமீட்டரில் பாரம் ஏற்றியபோது அடியிலிருந்து கட்டையால் தட்டுவதுபோல் சத்தம் வந்தது.

எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவர் லாரியின் கீழே படுத்து, சம்ப்பை இறக்கி, நான்காவது கான்ராட் கேப்பை (பிஸ்டன் தண்டைக் கிராங்கோடு பிணைக்கும் மூடி) கழற்றினார். பேரிங்கின் மேல்பூச்சு போய்ச் செம்புநிறம் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "முகத்தைப் பார்க்காதே தம்பி, முதுகைப் பார்" என்று திருப்பிக் காட்டினார். பில்லில் 0.25 என்று எழுதியிருந்த பேரிங்கின் முதுகில் எஸ்டிடி என்று பொறித்திருந்தது, அதாவது கிரைண்டிங் செய்யாத கிராங்குக்கான ஸ்டாண்டர்டு அளவு. ஆறு கேப்பிலும் அதேதான். 0.25 பேரிங் ஒவ்வொரு பாதியிலும் 0.125 மி.மீ. கூடுதல் தடிமனாக இருக்கும். ஆகவே கிராங்கைக் கடையாமல் அதை மாட்டவே முடியாது. கிராங்கைத் தொடாமல், எமரி பட்டை போட்டுத் தேய்த்து மெருகேற்றி, ஸ்டாண்டர்டு பேரிங்கை மாட்டிவிட்டு, கிரைண்டிங்குக்குக் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

மெருகேற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஜர்னலின், அதாவது பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் வட்டப்பகுதியின், தேய்மானம் கையேட்டின் வரம்புக்குள் இருந்தால் அது முறையான வேலைதான். என் கிராங்கில் சேதமடையாத மற்ற ஐந்து ஜர்னல்களை மைக்ரோமீட்டரால் இரண்டு திசைகளில் அளந்தபோதே வட்டம் 0.06 மி.மீ. வரை கெட்டிருந்தது. பேரிங் இடைவெளி பொதுவாக ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும், 80 மி.மீ. ஜர்னலுக்கு 0.08 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதோடு 0.06 சேர்வது எவ்வளவு பெரிது என்பது புரியும். இடைவெளி இரட்டித்தால் அதன் வழியே வெளியேறும் ஆயில் ஏறத்தாழ 8 மடங்காகும் என்பதால், பம்ப் எவ்வளவு தள்ளினாலும் பிரஷர் நிற்காது.

இவ்வளவு ஆனபின் ஹெட்டையும் கழற்றினோம். லைனரை இழுத்து, வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைத் துணியால் துடைத்தபோது, மூன்றாவதில் அந்த முக்கோணம் அப்படியே இருந்தது. காயலான் விலைக்கு வாங்கிய என்னுடைய லைனர்களையே உள்ளே ஹோனிங் கோடு (ஆயில் தங்குவதற்கான குறுக்குக் கீறல்) போட்டு, புது ஓ-ரிங் மாட்டி, புதியவை என்று எனக்கே விற்றிருக்கிறார்கள். புது ரிங்கை லைனரின் மேல்பகுதியில் இறக்கி ஃபீலர் கேஜ் வைத்தபோது ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளி 1.3 மி.மீ. காட்டியது. விட்டம் 0.1 மி.மீ. தேய்ந்தாலே ரிங் இடைவெளி 0.3 மி.மீ.க்கு மேல் கூடிவிடும் என்பதால், லைனர் எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதை அந்த ஓர் அளவே சொல்லிவிடுகிறது. பூட்டுவதற்கு முன் நான் செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

பட்டறைக்காரரிடம் பேரிங்கையும் படத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் ஆயில் சரியில்லை என்றார், பிறகு பாரம் அதிகம் என்றார், கடைசியில் அவர்களுக்குச் சொல்லாமல் சம்ப்பைக் கழற்றியதால் வாரண்டி போய்விட்டது என்று பில்லின் பின்பக்கப் பொடியெழுத்தைக் காட்டினார். இது உண்மையிலேயே என் தவறு. சத்தம் வந்த அன்றே எழுத்துமூலம் தெரிவித்து, அவர்கள் ஆள் ஒருவர் முன்னிலையில் திறந்திருக்க வேண்டும்.

இப்போது வேறோர் இடத்தில் வேலை நடந்திருக்கிறது. நான்காவது ஜர்னலில் கோடு ஆழமாக விழுந்துவிட்டதால் 0.25 போதாமல் 0.50 வரை கடைய வேண்டியதாயிற்று. கிராங்கின் ஆயுளில் ஒரு படி வீணாகப் போனது. காந்தப் பொடி சோதனையில் விரிசல் இல்லை என்று உறுதியான பிறகே கடைந்தார்கள். கடைவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஜர்னலின் அளவையும் தாளில் எழுதி வாங்கினேன், பேரிங்கின் முதுகை மாட்டுவதற்கு முன் படம் எடுத்தேன், கேப் இறுக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். பழைய சாமான் ஒன்றைக்கூட விட்டுவரவில்லை. பட்டறைக்காரர் முகம் சுளிக்கவில்லை; அளவுத்தாள் கேட்டதும் அவரே மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்.

சூடான ஐடிலில் பிரஷர் இப்போது 1.8 பார் நிற்கிறது. ஆறு பழைய லைனர்களையும், எஸ்டிடி பேரிங்குகளையும், 0.25 என்று எழுதிய அந்த பில்லையும் புகார் விசாரணைக்காக ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.