ஐந்து சதுர கிலோமீட்டர் ஓடைக்கு எந்தக் கணக்கு?

தென்சென்னையின் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் ஒன்றன் உபரிநீரை ஒன்று வாங்கிக்கொண்டு கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்பவை. நடுவே ஓடும் கால்வாய்கள் சின்னவை. இந்த அளவு ஓடைகளில் நீரோட்டத்தை அளக்கும் நிலையம் பெரும்பாலும் இருக்காது. ஆகவே எவ்வளவு வெள்ளம் வரும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்லியாக வேண்டும். எந்தக் கணக்கு என்பதில்தான் தகராறு.

ஒப்பிட வசதியாக 5 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு உள்ள ஓர் ஓடையை எடுத்துக்கொள்வோம். இருபது வருடத்துக்கு முன் அங்கே புதரும் வயலும், இன்று மனைப்பிரிவுகள்.

முதலில் நம்ம ஊர்ச் சரக்கு. ரைவ்ஸ் சூத்திரம் 1884இல் சென்னை மாகாணத்துக்காகவே உருவானது. சதுர கிலோமீட்டரில் உள்ள பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் (நிலையான பெருக்கு எண்ணால்) பெருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் அந்தக் கெழு 6.8. நம் ஓடைக்கு விநாடிக்கு சுமார் 20 கனமீட்டர் வருகிறது. ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கல்களுக்கு அளவு போட்டவர்களுக்குப் பழகிய கணக்கு, காகிதத்தின் ஓரத்திலேயே முடிந்துவிடும். ஆனால் வயல் இருந்தபோதும் 20, அடுக்குமாடி வந்த பிறகும் 20. நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்று கேட்கவே கேட்காத சூத்திரம், நகரமயமாக்கலை ஆராய எப்படி உதவும்?

ராஷனல் முறை அதைக் கேட்கிறது. பெய்த மழையில் எத்தனை பங்கு ஓடிவரும் என்ற விகிதம், மழையின் வேகம், பரப்பு, இவற்றோடு அலகுகளைச் சரிக்கட்ட 0.278: பெருக்கினால் விடை. மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதர்க்காட்டுக்கு விகிதம் 0.3 என்றால் 25 கனமீட்டர். வீடும் ரோடும் நிறைந்தபின் 0.7 என்றால் 58. அதோடும் நிற்பதில்லை. கான்கிரீட் வடிகால் வந்ததும் தண்ணீர் சீக்கிரம் வந்து சேர்கிறது. அதனால் குறுகிய நேரத்துக் கடும் மழையைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். அது 80 மில்லிமீட்டர் என்றால் விடை 78. இந்த முறையின் பலவீனம், நடுவில் ஓர் ஏரி இருந்தால் தெரிவது. ஏரி தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும். சூத்திரத்துக்கு அது தெரியாது. இரண்டு தெரு மழைநீர் வடிகாலுக்கு இதைவிட எளிதான முறை இல்லை. ஏரித் தொடருக்கு நான் இதை நம்ப மாட்டேன்.

மூன்றாவது, வளைவு எண் முறை. 1950களில் அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை விவசாய நிலங்களுக்காக உண்டாக்கியது. மண்ணும் நிலப்பயன்பாடும் சேர்ந்து ஓர் எண். எண் கூடினால் வழிந்தோடும் நீரும் கூடும். இதன் அருமை, மழையின் அளவுக்கேற்ப விடை மாறுவதில் இருக்கிறது. எண் 70ஆக இருந்த நிலம் 90 ஆகிவிட்டது என்று வைப்போம். 50 மில்லிமீட்டர் மழைக்கு முன்பு ஓடியது சுமார் 6 மில்லிமீட்டர், இப்போது 27: நாலரை மடங்கு. 150 மில்லிமீட்டருக்கு 69, 121 ஆகிறது: இரண்டு மடங்குகூட இல்லை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் கொட்டியதுபோல 490 மில்லிமீட்டர் போட்டுப் பாருங்கள்: முன்பு 380, இப்போது 458. ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெருமழை வெள்ளத்தின் அளவுக்கு மனைப்பிரிவை மட்டும் குற்றம் சொல்வது அரைகுறைக் கணக்கு. அந்த மழைக்குப் பழைய வயலும் சீக்கிரமே நிறைந்து வழிந்திருக்கும். (ஓடையையே மூடி வீடு கட்டியது வேறு குற்றம், அது வரும் தண்ணீரைக் கூட்டவில்லை, போகும் வழியை அடைத்தது.) கட்டுமானம் உண்மையில் மாற்றியது சாதாரண மழையை. முன்பு ஓடை நனையாத ஐப்பசி மழைக்கே இன்று தெரு நிறைகிறதே, அதைத்தான். ராஷனல் முறையில் விகிதத்தை ஒரே எண்ணாக வைத்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

சரி, அளவு தெரிந்தது. தண்ணீர் எந்த வீட்டுக்குள் நுழையும்? அதற்கு ஓடையில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று கணக்கிடும் ஹெக்-ராஸ் போன்ற மென்பொருள் உண்டு, இலவசம். சிக்கல் நில மட்டத்தில். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரப் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர். நம் ஓடையின் அகலமோ ஆறேழு மீட்டர். உயரத்திலும் மீட்டர் கணக்கில் பிழை வரும்; வீட்டு மாடியைத் தரை என்று காட்டும். தென்சென்னை மாதிரித் தட்டையான பூமியில் அரை அடிதான் வாசற்படிக்கும் வரவேற்பறைக்கும் உள்ள வித்தியாசம். அந்தப் படத்தை வைத்து வண்ண வரைபடம் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

போட்டியாளரோ செலவே இல்லாதவர்: சுவரில் தெரியும் வெள்ளத் தடம். மின்மீட்டர் பெட்டிக்குக் கீழே பழுப்புக் கோடு, கேட்டில் துரு ஏறிய உயரம், "இந்தப் படி வரைக்கும் வந்துச்சு" என்று காட்டும் பாட்டி. ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்து இவற்றின் மட்டத்தை எடுத்துவிட்டால், குப்பை அடைத்த குழாய்ப் பாலத்தின் பாதிப்பும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மென்பொருளில் போடும் கணினி மாதிரியில் பாலம் எப்போதும் சுத்தமாகவே இருக்கும். தடம் நடந்ததை மட்டுமே சொல்லும். நாளை வரப்போகும் மனைப்பிரிவைப் பற்றி அதைக் கேட்க முடியாது என்பது உண்மைதான்.

என் தேர்வு: நீரின் அளவுக்கு வளைவு எண் முறை, ஓடையின் குறுக்குவெட்டை நேரில் அளந்து ஹெக்-ராஸ், சரிபார்க்கச் சுவர்த் தடங்கள். ஓடைப் புறம்போக்கின் பழைய அகலத்துக்குக் கிராம நில அளவைப் படம். ரைவ்ஸ், பழைய கலங்கல் எதற்காகக் கட்டப்பட்டது என்று புரிந்துகொள்ள மட்டும். கையில் காசு குறைவு என்றால் மென்பொருளை விடுங்கள், லெவலை விடாதீர்கள். அப்புறம் ஒன்று: கீழ்முனையின் நீர்மட்டத்தை அளக்காமல் எந்த மாதிரியையும் ஓட்டாதீர்கள். பள்ளிக்கரணை நிறைந்து, அதன் வடிகாலான ஒக்கியம் மடுவில் தண்ணீர் வடியாமல் நின்றால், மேலே 25 வந்தாலும் 58 வந்தாலும் ஓடையில் தண்ணீர் பின்னோக்கி ஏறித்தான் நிற்கும்.