இஸ்தான்புல் ஹமாம்: கல்லுக்கும் கைக்கும் முழு மதிப்பெண், வரவேற்பு மேசைக்குக் குறைவு

இஸ்தான்புல்லின் பழைய நகரப் பகுதியில், ஒரு பள்ளிவாசலின் பின்புறச் சந்தில் இருக்கும் பழமையான ஹமாமுக்கு, அதாவது துருக்கியப் பொதுக் குளியலகத்துக்கு, நானும் என் அம்மாவும் ஒரு காலைப்பொழுதில் சென்றிருந்தோம். குறைகளையும் எழுதப்போவதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்த நகரத்தின் எந்தப் பழைய ஹமாமுக்குச் செல்பவருக்கும் உதவும்.

வாசலைக் கண்டுபிடிப்பதிலிருந்தே தொடங்குகிறேன். உஸ்மானியர் (ஒட்டோமான்) காலத்துப் பெரிய ஹமாம்கள் பலவும் இரட்டைக் கட்டடங்கள். ஆண்களுக்கு ஒரு பாதி, பெண்களுக்கு ஒரு பாதி. ஆண்கள் பகுதியின் வாசல் பெரும்பாலும் முதன்மைத் தெருவைப் பார்த்து அலங்காரமாக நிற்கும்; பெண்கள் வாசலோ பக்கச் சந்துக்குள் ஒரு சாதாரண வீட்டுக் கதவைப் போல ஒதுங்கியிருக்கும். நாங்கள் அந்தக் கதவை இரண்டு முறை கடந்து போய்விட்டுத்தான் உள்ளே நுழைந்தோம்.

வரவேற்பு மேசைதான் இந்த இடத்தின் பலவீனம். விலைப்பட்டியல் லிராவில் இல்லாமல் யூரோவில் இருந்தது. பயணிகள் அதிகம் வரும் ஹமாம்களில் இது வழக்கம்தான் என்பதால் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தேய்ப்பும் நுரைக் குளியலும் மட்டும் போதும் என்று தெளிவாகச் சொன்ன பிறகும், எண்ணெய் மசாஜ் சேர்ந்த தொகுப்பையே எங்கள் பெயரில் எழுதிவைத்திருந்தார்கள். கட்டணச் சீட்டைப் படித்துப் பார்த்துத் திருத்தச் சொன்னபோது திருத்தித் தந்தார்கள், ஆனால் முகம் சுளித்துக்கொண்டு. அறுபத்தெட்டு வயதான ஒருவரோடு வந்திருப்பவரிடம் இப்படி நடந்துகொண்டிருக்க வேண்டாம்.

அந்த மேசையைத் தாண்டியதும் எல்லாம் மாறிவிடுகிறது. ஜாமெகான் எனப்படும் உடைமாற்றும் கூடம் உயரமான குவிமாடத்தின் கீழ் இருக்கிறது. சுற்றிலும் மர அறைகள், நடுவில் ஒரு சிறு நீரூற்று. உடம்பில் சுற்றிக்கொள்ள பெஷ்தெமால் என்ற மெல்லிய கட்டம்போட்ட துணியைக் கொடுக்கிறார்கள். முன்பெல்லாம் காலுக்கு நாலின் என்ற உயரமான மரக்கட்டைச் செருப்பு இருந்தது. இப்போது அது கண்ணாடிப் பேழைக்குள் காட்சிக்கு வந்துவிட்டது, காலுக்கு ரப்பர் செருப்புதான். அங்கிருந்து மிதமான சூடுள்ள இடைநிலை அறை வழியாக வெப்ப அறைக்குள் செல்ல வேண்டும்.

அந்த வெப்ப அறைக்காகவே இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். அறையின் நடுவில் எண்கோண வடிவில் ஒரு பளிங்கு மேடை; அதை கோபெக்தாஷ் என்கிறார்கள், தொப்புள் கல் என்று பொருள். கட்டடத்தின் பின்புறம் இருக்கும் குல்ஹான் என்ற உலையின் வெப்பக்காற்று தரைக்கு அடியில் உள்ள சுரங்க வழியில் பரவிச் சுவர்களுக்குள் இருக்கும் குழாய்களின் வழியே மேலேறும்படி அந்தக் காலத்தில் அமைத்தார்கள். அந்தச் சுரங்க வழிக்குத் துருக்கிய மொழியில் ‘நரகம்’ என்ற சொல்லிலிருந்தே பெயர் வைத்திருக்கிறார்கள். ரோமானியர் குளியலறைகளின் தரைச்சூட்டு முறையின் தொடர்ச்சிதான் இது. ஆனால் ரோமானியரின் பெரிய குளியல் தொட்டி மட்டும் இங்கே இல்லை. தேங்கிய நீரைவிட ஓடும் நீரே தூய்மை என்று இஸ்லாமிய மரபு கருதியதால், ஒருவர் குளித்த நீரில் மற்றவர் இறங்கும் வழக்கம் இங்கே நிலைபெறவில்லை.

கல்லின் மேல் மல்லாந்து படுத்தால் குவிமாடம் தெரிகிறது. அதில் பதித்திருக்கும் சிறு சிறு கண்ணாடிகளை யானைக்கண் என்று அழைக்கிறார்கள். ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு வெளிச்சக் கற்றை நீராவிக்குள் சாய்வாக இறங்கி, நாங்கள் படுத்திருந்த நேரம் முழுவதும் பளிங்கின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தொடக்கத்தில் கூச்சத்தில் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்த அம்மா, கால் மணி நேரத்துக்குப் பிறகு தானாகவே வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

பெண்கள் பகுதியில் குளிப்பாட்டுபவரை நாத்திர் என்றும், ஆண்கள் பகுதியில் தெல்லாக் என்றும் சொல்வார்கள். எங்களுக்கு வந்த நாத்திருக்கு ஐம்பது வயது இருக்கும். அம்மாவின் கையைப் பிடித்து “தெய்ஸே” என்றார். அது தாயின் சகோதரியைக் குறிக்கும் சொல், வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். நான் அவரை “அப்லா”, அதாவது அக்கா என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் எங்களிடம் வாடிக்கையாளர்களிடம் பேசுவதுபோலப் பேசவில்லை.

கெஸே என்ற கரடுமுரடான கையுறையால் முதலில் தேய்க்கிறார்கள். அதற்கு முன் சோப்புப் படக்கூடாது. பட்டால் கையுறை வழுக்கிவிடும். வியர்த்துத் தோல் ஊறியிருந்தால்தான் அழுக்கு சாம்பல் நிறத் திரிகளாக உருண்டு வரும். நாத்திர் அதை என் முழங்கையில் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் கழுவினார். அடுத்தது நுரை. தலையணை உறை போன்ற துணிப்பையைச் சோப்பு நீரில் முக்கி, காற்றில் ஒரு வீச்சு வீசி, ஊதிப் பருத்ததும் மேலிருந்து கீழாக உருவிவிடுகிறார். முதுகின் மேல் ஒரு முழ உயரத்துக்கு நுரை விழுகிறது, எடையே தெரிவதில்லை.

குர்னா எனப்படும் பளிங்குத் தொட்டியைப் பற்றி ஒரு பாடம் கிடைத்தது. வெந்நீருக்கும் தண்ணீருக்கும் இரண்டு குழாய்கள், கீழே வடிகால் கிடையாது. நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். உலோகக் கிண்ணத்தால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். நான் சோப்பு ஒட்டிய கிண்ணத்தை அதற்குள் முக்கிவிட்டேன். நாத்திர் ஒன்றும் சொல்லாமல் தொட்டி நீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினார். அந்த நீரில் அழுக்கோ நுரையோ விழக்கூடாது என்பது அங்கே எவரும் எழுதிவைக்காத விதி.

இந்த இடங்கள் வெறும் குளியலுக்காக எழுந்தவை அல்ல. உஸ்மானியச் சுல்தான் மூன்றாம் முராதின் தாய் நூர்பானு சுல்தான் கட்டுவித்து 1584இல் முடிந்த செம்பர்லிதாஷ் ஹமாம், நகரின் ஆசியக் கரையில் உள்ள உஸ்குதாரில் அவர் நிறுவிய அறக்கட்டளை வளாகத்துக்கு வருமானம் தர ஏற்பட்டது. கட்டியவர் கட்டடக் கலைஞர் சினான். 1741இல் திறந்த ஜாலோலு ஹமாமின் வருமானம் சுல்தான் முதலாம் மஹ்மூத் அயா சோஃபியா பள்ளிவாசலில் அமைத்த நூலகத்துக்குப் போனது. பெண்களுக்கோ வீட்டுக்கு வெளியே கூடிப் பேசக் கிடைத்த முக்கிய இடம் இது. திருமணத்துக்கு முன் மணப்பெண்ணை உறவினர்கள் அழைத்துவரும் குளியலும், பிறந்த நாற்பதாம் நாள் குழந்தையை நீராட்டும் வழக்கமும் இந்தக் கல்லைச் சுற்றித்தான் நடந்தன. இதையெல்லாம் சொல்ல இங்கே ஒரு பலகைகூட வைக்கவில்லை என்பதையும் குறையாகவே எழுதுகிறேன்.

இன்னொரு குறை நேரம். தொகுப்புக்கு முக்கால் மணி என்று எழுதியிருந்ததால், கல்லில் கிடக்கக் கிடைத்த நேரம் எங்களுக்குப் போதவில்லை. முன்பதிவு செய்யும்போதே, தேய்ப்பு முடிந்த பிறகும் உள்ளே இருக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. அம்மா எழுந்தபோது ஒரு கணம் தலை சுற்றியது, நாத்திர் உடனே முகத்தில் குளிர்ந்த நீர் தெளித்து உட்கார வைத்தார். குளித்து முடித்ததும் நாத்திருக்கு அன்பளிப்பு தருவது வழக்கம். அதை மேசையில் கொடுக்காமல் அவர் கையிலேயே லிராவாகக் கொடுங்கள்.

ஜாமெகானில் தேநீரோடு உட்கார்ந்திருந்தபோது எங்களைக் கடந்துபோன ஒவ்வொரு பெண்ணும் “சிஹ்ஹத்லெர் ஓல்சுன்” என்றார். உடல்நலம் உண்டாகட்டும் என்று பொருள், குளித்து வந்தவருக்கும் முடி வெட்டி வந்தவருக்கும் சொல்வது. இருட்டிய பிறகும் பல ஹமாம்கள் திறந்திருக்கும். ஆனால் யானைக்கண் வெளிச்சம் வேண்டுமென்றால் வெயில் ஏறிய காலையில் போங்கள்.