சவுதாம்ப்டனா, ஜெனோவாவா: செப்டம்பரில் எந்தப் படகுக் கண்காட்சி?

ஐரோப்பாவில் படகு பார்க்கப் போக நினைப்பவர்களைச் செப்டம்பர் மாதம் குழப்பிவிடும். இங்கிலாந்தின் தென்கரையில் சவுதாம்ப்டன் கண்காட்சியும், இத்தாலியில் ஜெனோவாவின் ‘சலோனே நாட்டிகோ’வும் வழக்கமாக மாதத்தின் பிற்பாதியில், ஏறக்குறைய ஒரே நாட்களில் வருகின்றன. சவுதாம்ப்டன் 1969இல் தொடங்கியது, ஜெனோவா 1962இல். இரண்டிலும் ஏராளமான படகுகள் தண்ணீரிலேயே நிற்கும். விடுமுறை ஒன்றுதான் என்றால் எங்கே போவது?

பலரும் எத்தனை படகுகள் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். படகு வாங்கப் போகாத நமக்கு அந்த எண்ணிக்கையால் ஒரு பயனும் இல்லை. மதியத்துக்குள் கால் வலிக்க ஆரம்பித்துவிடும், முப்பதாவது வெள்ளைப் படகும் முதல் படகும் ஒன்றுபோலத் தெரியும். நான் இரண்டு விஷயங்களைத்தான் பார்ப்பேன். அங்கே நம்மை உண்மையில் படகில் ஏற்றிக்கொண்டு போவார்களா? கண்காட்சியை விட்டு வெளியே வந்தால் கரையோரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

முதல் கேள்வியில் சவுதாம்ப்டனுக்குத்தான் என் ஓட்டு. மேஃப்ளவர் பூங்காவை ஒட்டிய நீரில் கண்காட்சிக்காகவே மிதவை மேடைகளை இணைத்து ஒரு தற்காலிக மரினாவை, அதாவது படகுத்துறையை, கட்டுகிறார்கள். வந்தவர்களைப் பாய்மரப் படகிலும் விசைப்படகிலும் ஏற்றி வெளியே கூட்டிப்போகும் ஏற்பாடு இந்தக் கண்காட்சியின் முக்கியமான அம்சம். சிலவற்றுக்குத் தனிக் கட்டணம், சிலவற்றுக்கு முன்பதிவு. விவரங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே அந்தப் பகுதியைத் தேடிப் பார்த்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக இதை முடிப்பது நல்லது, மதியத்துக்குள் இடம் தீர்ந்துபோகலாம். சுக்கானைப் பிடித்துப் பார்த்த ஒரு பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம் மறக்காது. நூறு படகுகளின் படுக்கையறைகளைச் சுற்றிக் காட்டினாலும் அது கிடைக்காது.

ஜெனோவாவிலும் கடலில் ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் அது பெரும்பாலும் வாங்க வருபவர்களுக்கானது. அங்கே மேடை, விளக்கு, உபசரிப்பு எல்லாமே விற்பனையை மையமாக வைத்துத்தான். அழகான படகுகளைக் கண்ணாரப் பார்க்கலாம், இத்தாலியக் கட்டுமானத்தின் நேர்த்தி தனிதான். பெரிய படகுகள் சிலவற்றில் முன்பே நேரம் குறித்துக்கொண்டவர்களைத்தான் முதலில் விடுவார்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு வித்தியாசம் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம். ஜெனோவாவில் அது சுமார் ஒரு சாண்தான், எந்த நேரம் போனாலும் மேடை கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருக்கும். சவுதாம்ப்டனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டர் வரை போகும். நீர் வற்றிய நேரத்தில் கரையிலிருந்து மிதவைக்கு இறங்கும் பாலம் செங்குத்தாகச் சாய்ந்துவிடும். தள்ளுவண்டியில் குழந்தை, முழங்கால் வலியுள்ள அம்மா அப்பா என்று போகிறவர்கள் அன்று கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் ஏறியிருக்கும் நேரத்தில் மிதவைக்குப் போங்கள். அந்த ஊருக்கு ஒரு வசதியும் உண்டு. அங்கே உயர்நீர் இரட்டையாக வரும், அதாவது ஏறிய நீர் உடனே வடியாமல் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உயரத்திலேயே நிற்கும். அவசரமில்லாமல் சுற்றலாம். ஜெனோவாவில் வேறொரு சிரமம் இருக்கிறது. மத்தியதரைக்கடல் வழக்கப்படி படகுகளின் பின்புறத்தைக் கரையோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள், ஒடுங்கிய பலகைமேல் நடந்துதான் ஏற வேண்டும். இரண்டு ஊரிலும் படகில் ஏறும்போது காலணியைக் கழற்றச் சொல்வார்கள். நாடா கட்டும் ஷூவை விட்டுவிட்டு, சட்டென்று கழற்றி மாட்டக்கூடியதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். இதில் ஜெனோவாவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கொலம்பஸ் பயணத்தின் 500ஆம் ஆண்டையொட்டி 1992இல் ஜெனோவா தன் பழைய துறைமுகத்தை மக்களுக்குத் திறந்துவிட்டது. வடிவமைத்தவர் அந்த ஊரிலேயே பிறந்த கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ. ஐரோப்பாவின் பெரிய மீன்காட்சியகங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது, அதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் ‘கலாட்டா’ என்ற பெயருள்ள கடல் அருங்காட்சியகம். உள்ளே 17ஆம் நூற்றாண்டு துடுப்புக் கப்பல் ஒன்றை முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் சங்கிலியில் கட்டுண்டு துடுப்பு வலித்தவர்களின் வாழ்க்கையையும் மறைக்காமல் சொல்கிறார்கள், எனக்கு அந்தப் பகுதிமேல் பெரிய மரியாதை உண்டு. வாசலில் தண்ணீரிலேயே நிற்கிறது நசாரியோ சௌரோ நீர்மூழ்கிக் கப்பல். அடைத்த இடங்கள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். துறைமுகத்தின் மறுமுனையில் 1543இல் கட்டிய, 77 மீட்டர் உயரமுள்ள லாந்தெர்னா கலங்கரை விளக்கம் இருக்கிறது.

கண்காட்சித் திடலிலிருந்து கிழக்கே கடற்கரைச் சாலையில் நடந்தால் பொக்கதாஸ்ஸே என்ற பழைய மீனவர் குப்பம் வரும். மாலையில் நடக்க அருமையான வழி. சைவர்களுக்கும் அந்த ஊரில் கவலையில்லை. கொண்டைக்கடலை மாவைக் கரைத்து ஆலிவ் எண்ணெய் விட்டுச் சுடும் ஃபரினாத்தா தெருக்கடைகளில் கிடைக்கும், நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும்.

இதோடு ஒப்பிட்டால் சவுதாம்ப்டன் கரையோரம் ஏமாற்றம்தான். சரக்கு முனையங்களும் பயணக் கப்பல் முனையங்களும் பெரும்பாலான கரையை எடுத்துக்கொண்டுவிட்டன. பழைய நகர மதிலும் வெஸ்ட்கேட் வாசலும் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, ஒரு மணி நேரம் போதும். சீ சிட்டி அருங்காட்சியகத்தை மட்டும் தவறவிடாதீர்கள். டைட்டானிக் 1912 ஏப்ரல் 10 அன்று இந்த ஊரிலிருந்துதான் புறப்பட்டது, ஊழியர்களில் பெரும்பாலோர் இங்கே குடியிருந்தவர்கள். கப்பலின் ஆடம்பரத்தைவிட, ஒரே ஊரில் 500க்கும் மேற்பட்ட வீடுகளில் விழுந்த இழவை அங்கே பேசுகிறார்கள்.

ஆனால் சவுதாம்ப்டனோடு பக்கத்துத் துறைமுக நகரமான போர்ட்ஸ்மத்தைச் சேர்த்தால் கணக்கு மாறிவிடும். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். துறைமுக நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே வரலாற்றுக் கப்பல்தளம். 1545இல் மூழ்கி 1982இல் கடலடியிலிருந்து தூக்கியெடுத்த மேரி ரோஸ் போர்க்கப்பலின் பாதி உடல் அங்கே இருக்கிறது. அதில் இருந்தவர்களின் சீப்பு, வில், தச்சுக் கருவிகள் எல்லாம் சேற்றுக்குள் கெடாமல் கிடைத்தவை. மரக்கப்பல் எப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் இந்த ஒன்றுக்காகவே இங்கிலாந்து போகலாம். டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இறந்த விக்டரி கப்பலும் அங்கேதான். அதில் நீண்டகாலப் பழுதுபார்ப்பு நடக்கிறது. வெளியே சாரம் மறைத்திருந்தாலும் உள்ளே விடுகிறார்கள். கண்காட்சிக்கு ஒரு நாள், இதற்கு ஒரு முழு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம்.

போக்குவரத்தில் பெரிய வித்தியாசமில்லை. லண்டன் வாட்டர்லூவிலிருந்து சவுதாம்ப்டனுக்கும் மிலானிலிருந்து ஜெனோவாவுக்கும் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். கண்காட்சி வாரத்தில் அறை வாடகை ஏறிவிடும். அதனால் சவுதாம்ப்டன் போனால் பக்கத்து ஊரான வின்செஸ்டரிலும் ஜெனோவா போனால் நெர்வி பகுதியிலும் தங்கி ரயிலில் வந்துபோவது புத்திசாலித்தனம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது விசா. இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் சவுதாம்ப்டன் போக முடியாது, பிரிட்டன் விசாவில் ஜெனோவா போக முடியாது. பாதிப் பேருக்கு முடிவை எடுப்பது அதுவாகத்தான் இருக்கும்.

படகு வாங்கியே தீருவது என்று இருப்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு ஜனவரியில் ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரத்துக்குப் போகட்டும். அங்கே நடக்கும் ‘போட்’ கண்காட்சி முழுக்க அரங்குகளுக்குள்தான். குளிர்காலத்தில் ரைன் நதிக்கரையில் உலாவும் சுகம் குறைவு. ஆனால் படகுகள் தாங்கிகளின் மேல் நிற்பதால் நீருக்கடியில் மறைந்திருக்கும் அடிப்பகுதி, சுக்கான், உந்துசக்கரம் எல்லாவற்றையும் நேரில் பார்த்து ஒப்பிடலாம். தண்ணீரில் நிற்கும் படகில் அதற்கு வழியே இல்லை.

என்னைக் கேட்டால், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் என்றாவது பாய்மரம் கற்கும் எண்ணம் உள்ளவர்களுக்கும் போர்ட்ஸ்மத் சேர்த்த சவுதாம்ப்டன். படகுக் கண்காட்சி ஒரு சாக்குதான், நல்ல துறைமுக நகரத்தில் நான்கு நாள் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஜெனோவா. அங்கே கண்காட்சிக்கு அரை நாள் கொடுத்தால் தாராளம், அதையும் வார நாளில் காலையிலேயே முடித்துவிடுங்கள்.